ஏழு வருஷம் உழைத்தும் 'போர்' அடிக்கும் கேம்... வீடியோ கேமில் சுவாரஸ்யம் எப்போது வருகிறது?

ஜிடிஏ ரசிகர்களுக்குக் காத்திருப்பது பழகிப்போன விஷயம். ஜிடிஏ 5 வெளியானது 2013 செப்டம்பரில். அடுத்த பாகத்தின் முதல் டிரெய்லர் வந்ததே 2023 டிசம்பரில்தான். முதலில் 2025-ல் ரிலீஸ் என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் மாற்றி, 2026 நவம்பர் 19 என்று புதிய தேதி கொடுத்தது ராக்ஸ்டார் கேம்ஸ். கேமை இன்னும் மெருகேற்ற அவகாசம் தேவை என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

இப்படி ஒரு பெரிய கேமின் தேதி தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இத்தனை வருஷமா உள்ளே என்னதான் பண்றாங்க?"

கிராபிக்ஸ், பிழை திருத்தம், புதிய தொழில்நுட்பம் என்பதெல்லாம் இதற்கான பாதி பதில். மீதிப் பாதியை கேம் நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்வதில்லை. தயாரிப்பில் இருக்கும் பல கேம்கள், அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் விளையாடவே நன்றாக இருக்காது. சில கேம்களில் சுவாரஸ்யம் முதல் மாதத்திலேயே கிடைத்துவிடும். சிலவற்றில் ரிலீஸுக்குச் சில மாதங்கள் முன்புதான் எட்டிப் பார்க்கும். சிலவற்றில் கடைசி வரை வரவே வராது. இதை ஆங்கிலத்தில் கேம் துறையினர் 'ஃபைண்டிங் தி ஃபன்' என்கிறார்கள். அதாவது, சுவாரஸ்யத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது.

அந்தத் தேடல் எப்படி நடக்கிறது? அது தோற்றால் யார் விலை கொடுக்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

சினிமா போல ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

ஒரு சினிமா கதையை தயாரிப்பாளரிடம் உட்கார்ந்து சொல்லிவிட முடியும். காமெடி எடுபடுமா, இடைவேளை பிளாக் நிற்குமா என்று கேட்பவருக்கு ஓரளவு புரியும். ஷூட்டிங் ஸ்பாட்டில் மானிட்டரைப் பார்த்தாலும் கொஞ்சம் தெரிந்துவிடும்.

கேம் அப்படி இல்லை. 'ஹீரோ சுவர் மீது ஓடுவான், தாவுவான், நடுவானில் எதிரியை வெட்டுவான்' என்று காகிதத்தில் எழுதினால் செம த்ரில்லாக இருக்கும். ஆனால், விளையாடுபவர் படிப்பதில்லையே, பட்டனை அல்லவா அழுத்துகிறார்? அழுத்தியதற்கும் ஹீரோ தாவுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதிலேயே எல்லாம் மாறிவிடும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். நொடிக்கு 60 பிரேம்கள் ஓடும் கேமில், ஒரு பிரேம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. 30 பிரேம் என்றால் சுமார் 33 மில்லி நொடி. சில பிரேம்கள் தாமதமானாலே ஹீரோ சேற்றில் நடப்பது போல இருக்கும். ஏன் அப்படி இருக்கிறது என்று விளையாடுபவருக்குச் சொல்லத் தெரியாது. "என்னமோ சரியில்ல" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்.

தாவும் உயரம், விழும் வேகம், அடி விழும் நொடியில் வரும் சத்தம், கேமரா லேசாக அதிர்வது, எதிரியின் புத்திசாலித்தனம் என்று ஒவ்வொன்றும் ஒரு எண்ணாக, ஒரு கோப்பாக, வேறு வேறு ஆட்களின் கணினியில் உருவாகிக்கொண்டிருக்கும். தயாரிப்பின் தொடக்கத்தில் கட்டடங்களுக்குப் பதில் சாம்பல் நிறப் பெட்டிகள்தான் நிற்கும். எதிரி அசையாமல் நிற்பான். சத்தம் இருக்காது. புளி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் தனித்தனியாக நாக்கில் வைத்துப் பார்த்து, சாம்பார் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான்.

ஒரே மதியத்தில் மாறிப்போன டயாப்லோ

சில நேரம் சுவாரஸ்யம் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து விழும். அதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 'டயாப்லோ'.

1990-களின் நடுவில் காண்டோர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் இதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பின்னாளில் இதுதான் பிளிசார்ட் நார்த் ஆனது. அப்போது டயாப்லோ, செஸ் போல முறைவைத்து ஆடும் கேம். நீங்கள் ஓர் அடி வைத்தால், அடுத்து எதிரி ஓர் அடி வைப்பான். இதை நிகழ்நேர ஆட்டமாக மாற்றலாமே என்று பிளிசார்ட் தரப்பு கேட்டது. முதன்மை புரோகிராமர் டேவிட் பிரெவிக்குக்கு அதில் உடன்பாடில்லை. யோசித்து யோசித்து ஆடுவதில்தான் பதற்றம் இருக்கிறது என்பது அவர் எண்ணம். அலுவலகத்தில் வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பாலானோர் நிகழ்நேரத்தின் பக்கம் நின்றார்கள்.

வேலைக்கு நிறைய நாள் பிடிக்கும், கூடுதல் பணம் வேண்டும் என்று பிளிசார்ட்டிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார் பிரெவிக். உண்மையில் சில மணி நேரத்திலேயே முதல் வடிவம் ஓடத் தொடங்கிவிட்டது. ஓர் எலும்புக்கூட்டின் மீது மவுஸை வைத்து கிளிக் செய்தார். வீரன் நடந்து போனான், ஓங்கி அடித்தான், எலும்புக்கூடு நொறுங்கி விழுந்தது. அந்த ஒரு கிளிக்கிலேயே தன் கருத்து தவறு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 2016-ல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் இந்தக் கதையை அவரே சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது, எதிர்த்தவரே செய்து பார்த்தார் என்பதுதான். விவாதம் எத்தனை வாரம் நடந்திருந்தாலும் அந்தப் பதில் கிடைத்திருக்காது.

முடியப்போன கேமைக் கலைத்துப் போட்ட வால்வ்

எல்லோருக்கும் இப்படி ஒரு மதியத்தில் அதிர்ஷ்டம் அடிக்காது. வால்வ் நிறுவனத்தின் முதல் கேம் 'ஹாஃப்-லைஃப்'. 1997 இறுதியில் ரிலீஸ் என்று திட்டம். ரிலீஸ் நெருங்கிய நேரத்தில் குழுவே உட்கார்ந்து முழுதாக ஆடிப் பார்த்தது. துப்பாக்கி இருந்தது, எதிரிகள் இருந்தார்கள், இடங்கள் இருந்தன. சுவாரஸ்யம் மட்டும் இல்லை.

அந்த நிலையில் அப்படியே வெளியிட்டுக் காசு பார்த்திருக்கலாம். வால்வ் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மறுபடி செய்வது என்று முடிவெடுத்தது. முதலில் ஒரு சிறிய குழு அமைத்தார்கள். இதுவரை செய்ததில் எதெல்லாம் கொஞ்சமாவது நன்றாக இருக்கிறதோ, அதையெல்லாம் ஒரே ஒரு கட்டத்துக்குள் திணித்துப் பாருங்கள் என்றார்கள். ஒரு மாதம் கழித்து அந்த ஒரு கட்டம் தயார். ஆடியவர்களுக்கு அதை விட்டு எழ மனமில்லை.

அதன் பிறகு, அது ஏன் நன்றாக இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். மூன்று விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, கடிகாரத்தை வைத்து இல்லாமல், ஆடுபவர் நகரும் தூரத்தை வைத்து அடுத்தடுத்து ஏதாவது நடக்க வேண்டும். இரண்டு, ஆடுபவர் செய்வதை அந்த உலகம் கண்டுகொள்ள வேண்டும். சுட்டால் சுவரில் தடம் விழ வேண்டும். மூன்று, தோற்றால் 'தப்பு என்னுடையது' என்று ஆடுபவருக்குத் தோன்ற வேண்டும். 'கேம் ஏமாத்திருச்சு' என்று தோன்றக் கூடாது.

1998 நவம்பரில் ஹாஃப்-லைஃப் வெளியானது. துப்பாக்கி கேம்களின் வரலாற்றையே அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசும் அளவுக்குப் பெயர் வாங்கியது.

செய்பவர்களுக்கே ஏன் தெரிவதில்லை?

ஹாஃப்-லைஃப் குழு கற்ற இன்னொரு பாடம் பிளேடெஸ்ட். வெளியாட்களைக் கூப்பிட்டு ஆட விடுவார்கள். அந்தப் பகுதியை வடிவமைத்தவர் பின்னால் உட்கார்ந்து குறிப்பு எடுக்கலாம். வாயைத் திறக்கக் கூடாது. "அந்தக் கதவைத் திறங்க" என்று சொல்லத் துடித்தாலும் சொல்லக் கூடாது. தனக்கு அப்பட்டமாகத் தெரிந்த வழி, புதிதாக வருபவருக்கு 20 நிமிடம் ஆகியும் தெரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் வடிவமைப்பாளரின் கர்வம் இறங்கும்.

ஒரே கட்டத்தை ஆயிரம் முறை ஆடியவருக்கு அதில் ஆச்சரியம் மிஞ்சாது. எங்கே எதிரி ஒளிந்திருக்கிறான் என்று தெரியும். எனவே நன்றாக இருக்கும் கேம் அவருக்கு போர் அடிக்கும். கஷ்டமான கேம் சுலபமாகத் தெரியும். பிளேடெஸ்டுக்கு வரும் ஆள்கூட ஒருமுறை ஆடிவிட்டால் 'புதியவர்' என்ற தகுதியை இழந்துவிடுவார். அடுத்த முறை வேறு ஆள் தேட வேண்டும்.

டோஃபு துண்டுகளில் தொடங்கிய ஸ்பிளட்டூன்

ஜப்பானின் நின்டெண்டோ இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. கதை, பாத்திரம், அழகு எல்லாம் அப்புறம். கையில் எடுத்தால் நன்றாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

'சூப்பர் மரியோ 64' 1996 ஜூனில் ஜப்பானில் வெளியானது. அதை உருவாக்கியபோது ஷிகேரு மியாமோட்டோவின் குழு, தொடக்கத்திலேயே மரியோவின் ஓட்டத்தையும் தாவலையும் சரிசெய்வதில் இறங்கியது. ஓர் எளிய இடத்தில் மரியோ ஒரு முயலைத் துரத்துவான், அவ்வளவுதான். துரத்துவதே ஜாலியாக இருந்தால், அதைச் சுற்றி எந்த உலகத்தையும் கட்டலாம். அந்த முயல் கடைசியில் கேமுக்குள்ளும் இடம்பிடித்தது.

2015-ல் வந்த 'ஸ்பிளட்டூன்' இன்னும் வேடிக்கை. முதல் மாதிரியில் பாத்திரங்களே கிடையாது. டோஃபு துண்டு மாதிரி கட்டிகள் மை பீய்ச்சி, தரையைத் தங்கள் நிறத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தன. தன் நிற மையில் நின்றால் எதிரிக்குத் தெரியாமல் ஒளியலாம். இதுவே ஆட நன்றாக இருந்தது. பிறகு அந்தக் கட்டிகளை முயலாக்கிப் பார்த்தார்கள். கடைசியில் கணவாய் மீனில் வந்து நின்றார்கள். மை பீய்ச்சும் உயிரினம் என்பதால் விதிகளும் உருவமும் பொருந்திப்போயின.

இந்த வழியில் ஒரு பெரிய லாபம், செலவு. பத்து பேர் இருக்கும்போது ஒரு யோசனையைத் தூக்கிப் போடுவது எளிது. ஐந்நூறு பேர் ஐந்து வருடம் உழைத்த பிறகு தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது.

'கடைசி நேர மேஜிக்' என்ற ஆபத்தான நம்பிக்கை

இதற்கு நேர் எதிரான பாதையில் போய் அடிவாங்கியது 'ஆந்தம்'. மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ் தொடர்களைக் கொடுத்த கனடாவின் பயோவேர் தயாரிப்பு. வெளியிட்டது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், சுருக்கமாக ஈஏ.

2017 ஜூனில், இ3 கண்காட்சியில் ஆந்தம் காட்டப்பட்டபோது அரங்கமே வாயைப் பிளந்தது. இரும்புக் கவசம் அணிந்த வீரர்கள் காட்டுக்கு மேலே பறந்தார்கள். 2019 பிப்ரவரி 22-ல் கேம் வெளியானது. விமர்சனங்கள் சுமாராகவே வந்தன. பறப்பது மட்டும் சூப்பர், மற்றதெல்லாம் வெறுமை என்பதுதான் பலரின் புகார்.

என்ன நடந்தது என்பதை அதே ஆண்டு ஏப்ரலில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் கோட்டாகு தளத்தில் விரிவாக எழுதினார். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் தயாரிப்பில் இருந்த கேமின் பெரும்பகுதி, கடைசி சுமார் 18 மாதங்களில்தான் உருவானது என்றது அந்தக் கட்டுரை. பறக்கும் அம்சம் பலமுறை சேர்க்கப்பட்டு, பலமுறை நீக்கப்பட்டிருந்தது. ஈஏவின் உயர் அதிகாரி ஒருவருக்கு டெமோ காட்டுவதற்காக மறுபடி சேர்த்தார்கள். அவருக்கு அது பிடித்துப்போனதால் நிலைத்தது. கண்காட்சியில் காட்டிய பிறகுதான் தாங்கள் என்ன கேம் செய்கிறோம் என்பதே தங்களுக்குத் தெளிவானது என்று ஊழியர்கள் சிலர் சொன்னதாகவும் அதில் இருந்தது.

இவ்வளவு குழப்பத்திலும் உள்ளே பலர் பதறவில்லை. காரணம், 'பயோவேர் மேஜிக்' என்று அவர்களுக்குள் புழங்கிய ஒரு நம்பிக்கை. முந்தைய கேம்களும் கடைசி வரை அரைகுறையாகத்தானே இருந்தன? ரிலீஸுக்குச் சில மாதங்கள் முன்பு எல்லாம் கூடிவந்துவிடவில்லையா? இந்த முறையும் வந்துவிடும் என்று நம்பினார்கள்.

அந்த மேஜிக்குக்கு இன்னொரு பெயர் உண்டு: 'கிரஞ்ச்'. இரவு பகல் பாராமல், வார விடுமுறை இல்லாமல் மாதக்கணக்கில் உழைப்பது. மன அழுத்தத்தால் மருத்துவர் ஆலோசனைப்படி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடுப்பில் போனவர்கள் பற்றி அந்தக் கட்டுரை பேசியது. ஆந்தமின் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த மார்க் டாரா, பயோவேரை விட்டு விலகிய பிறகு, 'பயோவேர் மேஜிக்' என்பது மோசமான வேலைமுறைதான் என்று வெளிப்படையாகவே பேசினார்.

ஆந்தமைச் சீரமைக்கும் முயற்சியையும் 2021 பிப்ரவரியில் ஈஏ கைவிட்டது. சர்வர்களை நிறுத்த நிறுவனம் அறிவித்த தேதி 2026 ஜனவரி 12. இணையம் இல்லாமல் ஆட முடியாத கேம் என்பதால், சர்வர் நின்றால் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் கேம் இல்லை.

தேடியது ஓர் இடம், கிடைத்தது வேறிடம்

சுவாரஸ்யம் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதும் ஒரு திறமைதான். 'டைட்டன்' என்ற பிரம்மாண்ட ஆன்லைன் கேமைப் பல ஆண்டுகள் உருவாக்கிய பிளிசார்ட், 2014 செப்டம்பரில் அதை ரத்து செய்துவிட்டதாக அறிவித்தது. அதில் தாங்கள் சுவாரஸ்யத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்றே அப்போதைய தலைவர் மைக் மோர்ஹைம் சொன்னார். அந்தக் குழுவில் எஞ்சியவர்கள் சிறிய அணியாகச் சேர்ந்து, டைட்டனின் மிச்சங்களிலிருந்து தொடங்கியதுதான் 2016 மே மாதம் வெளியான 'ஓவர்வாட்ச்'. அது உலக ஹிட்.

'ஃபோர்ட்நைட்' கதையும் இப்படித்தான். எபிக் கேம்ஸ் 2011 டிசம்பரில் அறிவித்தது. கோட்டை கட்டி அரக்கர்களைத் தடுக்கும் கேமாக, 2017 ஜூலையில்தான் கட்டண முன்னோட்டமாக வந்தது. அதே நேரம் பப்ஜி உலகம் முழுக்க சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. சுமார் இரண்டே மாதங்களில் அதே பாணியில் ஒரு பிரிவைச் செய்து, 2017 செப்டம்பர் 26-ல் இலவசமாக விட்டது எபிக். இன்று 'ஃபோர்ட்நைட்' என்றால் பெரும்பாலானோர் நினைப்பது, அந்த இரண்டு மாதத்தில் பிறந்த ஆட்டத்தைத்தான்.

பின்னாளில் பிளேஸ்டேஷன் 4, 5 கருவிகளின் முதன்மை வடிவமைப்பாளரான மார்க் செர்னி, 2002-லேயே ஓர் உரையில் இதற்கு வழி சொன்னார். முழு தயாரிப்புக்கு முந்தைய கட்டத்துக்குக் கால அட்டவணை போட முடியாது. அது குழப்பமாகத்தான் இருக்கும், செய்ததைத் தூக்கிப்போட வேண்டி வரும். ஆனால், அதன் முடிவில் வெளியிடும் தரத்தில் ஓரிரு கட்டங்களாவது ஆடக் கிடைக்க வேண்டும். அவை நன்றாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்றார். பணமும் ஆட்களும் பெருமளவில் இறங்குவது அதற்குப் பிறகுதான்.

நேரம் யாரிடம் இருக்கிறது?

சொல்வது எளிது. அட்டவணை இல்லாமல் தேடுவதற்கு மாதாமாதம் சம்பளம் போட வேண்டுமே? இங்கேதான் 'சில்க்சாங்' ஒரு விதிவிலக்கு.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த டீம் செர்ரி மிகச் சிறிய ஸ்டூடியோ. 'ஹாலோ நைட்: சில்க்சாங்' கேமை 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். வெளியானது 2025 செப்டம்பர் 4-ல். அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உள்ளிட்ட ஆன்லைன் கடைகளே திணறின. வேலை எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை, செய்வது ஜாலியாக இருந்ததால் செய்துகொண்டே இருந்தோம் என்பதுதான் தாமதத்துக்கு அவர்கள் சொன்ன காரணம். முந்தைய கேமான ஹாலோ நைட் 1.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்ததால், அவர்களுக்குக் காசுக் கவலை இல்லை. அவசரப்படுத்தும் முதலீட்டாளரும் இல்லை.

நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் ஸ்டூடியோவுக்கு இந்தச் சொகுசு கிடையாது. அங்கே சுவாரஸ்யம் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் செலவு. ஒரு கட்டத்தில் தேதி முன்னால் வந்து நின்றுவிடும். பிறகு ஊழியர்களின் தூக்கம் போகும். அப்படியும் கேம் சொதப்பினால், அடுத்து போவது அவர்களின் வேலை. கேமை மோசமாகத் திட்டமிட்டவர்களை விட, அதைக் கடைசி மாதங்களில் தூக்கி நிறுத்த முயன்றவர்களுக்கே அடி அதிகம்.

ரசிகர்கள் எதைக் கவனிக்கலாம்?

தேதி தள்ளிப்போனாலே கெட்ட செய்தி என்று இல்லை. ஆடிப் பார்த்து நன்றாக இருக்கும் கேமை மெருகேற்றத் தள்ளிவைப்பது ஒரு வகை. கேம் என்னவென்றே முடிவாகாமல் தள்ளிவைப்பது இன்னொரு வகை. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்கச் சில வழிகள் உண்டு.

சினிமா போல வெட்டி ஒட்டிய டிரெய்லரை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஒருவர் தொடர்ந்து பத்து, பதினைந்து நிமிடம் ஆடும் காட்சி வந்திருக்கிறதா என்று பாருங்கள். பொதுமக்கள் ஆட டெமோ கொடுத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு முறை காட்டும்போதும் கேமின் அடிப்படையே மாறிக்கொண்டிருந்தால் கொஞ்சம் உஷாராகலாம்.

'ஏர்லி ஆக்சஸ்' என்ற பெயரில் முடியாத கேமை விற்பதும் இப்போது சகஜம். 'ஹேடஸ்' 2018 டிசம்பரில் அப்படி வந்து, ஆடியவர்களின் கருத்தைக் கேட்டுக் கேட்டுத் திருத்தி, 2020 செப்டம்பரில் முழுமையாக வெளியானது. 'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் நிறைவடைந்தது. இரண்டும் பெரிய வெற்றி. ஆனால் இந்த முறையில் வாங்குபவர், பிளேடெஸ்டர் வேலையைக் காசு கொடுத்துச் செய்கிறார். கேம் முழுமையடையும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்று இருக்கும் நிலையிலேயே ஆட நன்றாக இருந்தால் மட்டும் வாங்குவது பாதுகாப்பு.

வாங்கிய பிறகு ஏமாற்றமாக இருந்தால், ஸ்டீம் தளத்தில் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முன்பதிவு செய்த கேம் என்றால், அந்த 14 நாள் கணக்கு கேம் வெளியாகும் நாளிலிருந்துதான் தொடங்கும். டயாப்லோவில் பிரெவிக்குக்கு உண்மை தெரிய ஒரே ஒரு கிளிக் போதுமானதாக இருந்தது. வாங்குபவருக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.